துளையும் முளையும்: மர இணைப்பு வெட்டும் இயந்திரத்தின் வரலாறு

மத்தியாஸ் வாண்டல் கனடாவைச் சேர்ந்த பொறியாளர். பிளாக்பெர்ரி தொலைபேசிகளைத் தயாரித்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். தச்சுவேலை கூலிக்குச் செய்தவர் அல்லர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தம் வீட்டுப் பட்டறையில், பெரும்பாலும் ஒட்டுப்பலகையையும் கட்டைத் துண்டுகளையும் கொண்டே ஓர் இயந்திரத்தைச் செய்தார். கடையில் வாங்கிய மின்சார ரூட்டர் ஒன்று அதில் படுக்கைவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும். அதனைத் தாங்கும் மரக்கைகள் ஓர் இணைகரம்போல் மடங்கி விரியும். அக்கைகளோடு சேர்ந்த சிறிய பேரிங் ஒன்று, முன்பே வெட்டிவைத்த ஒரு மர வடிவத்தின் ஓரத்தைத் தடவிச் செல்லும். பேரிங் செல்லும் வழியிலேயே, ஆனால் அதில் பாதி அளவில், சுழலும் வெட்டுமுனையும் செல்லும். நாற்காலியின் காலையும் குறுக்குச் சட்டத்தையும் இணைக்கும் துளையும் முளையும் இவ்வாறு சில நிமிடங்களில் உருவாகிவிடும். பேன்டோரூட்டர் என்று அவர் அதற்குப் பெயரிட்டார். அதன் வரைபடங்களை விலைக்கு வெளியிட்டதும் பல நாடுகளில் பலர் அதனைப் பார்த்துத் தாமே செய்துகொண்டனர்.

இதனை ஓய்வுநேரக் கைவேலை என்று கருதிக் கடந்துபோக இயலும். ஆனால் இவ்வியந்திரத்தின் உள்ளே இருக்கும் எண்ணம், அதாவது தேர்ந்த தச்சரின் கை செய்வதை ஒரு வடிவத்தில் பதித்துவைத்து எவரையும் கொண்டு அதனைத் திரும்பச் செய்விக்கலாம் என்பது, இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. அது முதலில் தோன்றிய சூழலில் வீடும் இல்லை, ஓய்வும் இல்லை. இருந்தவை கப்பல் துறையும் சிறையும்.

முதலில் இணைப்பைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மரத்தை மரத்தோடு சேர்க்க ஆணியோ திருகோ போதும் என்று தோன்றலாம். ஆனால் மரம் ஈரத்தை உறிஞ்சி அகலத்தில் பருக்கும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கிலோ ஏறக்குறைய மாறாது. இந்த ஓயாத அசைவைத் தாங்கிக்கொண்டு பல தலைமுறை நிற்கும் இணைப்பு, ஒரு சட்டத்தில் துளையிட்டு, மற்றொன்றின் நுனியை முளையாகச் செதுக்கி, அதனுள் இறுகச் செலுத்துவதே. கதவு நிலை, கட்டில், நாற்காலி, கப்பலின் சட்டம் என எல்லாவற்றிலும் அடிப்படை இதுதான். முளை சற்றே மெலிந்தால் நாற்காலி ஆடும். சற்றே பருத்தால் துளையின் ஓரம் பிளக்கும். இடையிலுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அளவுக்கோடு கிழித்து, உளியை நிறுத்தி, கொட்டாப்புளியால் அடிக்கும் தச்சர் இந்த வேறுபாட்டை எண்ணால் அறிவதில்லை. முளையைத் துளையில் வைத்து அழுத்தும்போது எழும் எதிர்ப்பால் அறிகிறார். இந்த அறிவைப் பெற ஆண்டுகள் ஆகும். இதனை உடையவர் தம் கூலியைப் பேசிப் பெறும் நிலையில் இருப்பார். பின்வரும் வரலாற்றின் முடிச்சு இங்கேதான் உள்ளது.

சாமுவேல் பெந்தம் 1757இல் பிறந்தவர். தத்துவவாதியும் சட்டச் சிந்தனையாளருமான ஜெரமி பெந்தமின் இளைய சகோதரர். அண்ணன் சட்டம் படிக்க, தம்பி இளமையிலேயே வூலிச் கப்பல் துறையில் கப்பல் தச்சரிடம் தொழில் பழகினார். பின்னர் ரஷ்யா சென்று, இளவரசர் பொட்டெம்கினின் கிரிச்சேவ் பண்ணையில், இன்றைய பெலாருஸில், தொழிற்கூடங்களை நடத்தினார். அங்கு அவருக்குத் தேர்ந்த கைவினைஞர்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை. பண்ணையாட்கள் பலர் இருந்தனர். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட கைவினைஞர்கள் சிலர் இருந்தனர். இவ்விரு திறத்தாரையும் ஒரே இடத்திலிருந்து மேற்பார்வையிட, நடுவில் கண்காணிப்பவரும் சுற்றிலும் பணியாளர்களும் அமையும் வட்டக் கட்டடம் ஒன்றை அவர் திட்டமிட்டார். 1780களின் நடுவில் தம்பியைக் காணச் சென்ற ஜெரமி அந்தத் திட்டத்தைக் கண்டு எழுதியவைதான் 1791இல் நூலாக வெளிவந்த பனாப்டிகான். ஃபூக்கோவுக்குப் பின் கண்காணிப்புச் சமூகத்தின் குறியீடாகவே அனைவரும் அறிந்த அந்தச் சிறைக் கட்டடம், பிறந்தபோது ஒரு தொழிற்பட்டறையின் வரைபடம். சமூக அறிவியல் வகுப்புகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை.

அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது அடுத்து நடந்தது. 1791இல் இங்கிலாந்து திரும்பிய சாமுவேல், அதே ஆண்டில் மரம் இழைக்கும் இயந்திரம் ஒன்றுக்கும், 1793இல் மரவேலை இயந்திரங்கள் ஏறக்குறைய அனைத்தையும் அளாவிய மிக விரிவான திட்டம் ஒன்றுக்கும் காப்புரிமை பெற்றார். சுழலும் வெட்டுமுனையால் பள்ளம் தோண்டுதல், துளை வெட்டுதல், புறாவால் இணைப்பு வெட்டுதல் என இன்றைய ரூட்டர் செய்யும் பணிகளின் முன்வடிவங்கள் அதில் உள்ளன. வெஸ்ட்மின்ஸ்டரில் ஜெரமியின் இல்லத்திலேயே இவ்வியந்திரங்களின் மாதிரிகள் செய்யப்பட்டன. இவற்றை இயக்கப்போகிறவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள், கட்டப்படவிருந்த பனாப்டிகானின் கைதிகள். கைதிக்குத் தச்சு தெரியாது. கற்பிக்கக் காலமும் இல்லை. ஆகவே தச்சு கைதியின் கையில் இல்லாமல் இயந்திரத்தில் இருக்க வேண்டும். இணைப்பு வெட்டும் இயந்திரத்தின் முதல் முழுமையான திட்டம் எழுதப்பட்டதன் காரணம் இது. மரவேலைக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பலர் காப்புரிமையை விரிவாகப் பாராட்டிவிட்டுக் கைதிகளை ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். அந்த வரியை நீக்கினால் காப்புரிமையே பொருளற்றுப் போகும்.

பனாப்டிகான் கட்டப்படவே இல்லை. ஜெரமிக்கு 1813இல் 23,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. சாமுவேலோ அதற்கு வெகு முன்பே, 1796இல், கடற்படைப் பணிகளின் தலைமை ஆய்வாளராக அரசுப் பதவியில் அமர்ந்துவிட்டார். சிறைக்கு எண்ணியதைக் கப்பல் துறையில் செய்துபார்க்க வழி பிறந்தது.

கப்பல் துறைகளில் அப்போது ஒரு பழைய உரிமை இருந்தது. வேலையில் விழும் மரத்துண்டுகளைத் தச்சர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அடுப்பெரிக்க மட்டுமல்ல, வீட்டுக்கு வேண்டிய பொருள் செய்யவும் அத்துண்டுகள் பயன்பட்டன. நல்ல மரத்தையே வேண்டிய நீளத்தில் அறுத்துத் 'துண்டு' ஆக்கிக்கொள்வதும் உண்டு. நிர்வாகத்தின் பார்வையில் இது களவு. தச்சரின் பார்வையில் கூலியின் ஒரு பகுதி, அதுவும் மாதக்கணக்கில் கூலி நிலுவையில் நிற்கும் காலத்தில் கைக்கு எட்டிய ஒரே பகுதி. 1801இல் இவ்வுரிமை நீக்கப்பட்டு அதற்கு ஈடாகப் பணம் நிர்ணயிக்கப்பட்டது. பீட்டர் லைன்பா எழுதிய 'தி லண்டன் ஹேங்டு' என்னும் நூல் சாமுவேல் பெந்தமின் சீர்திருத்தங்களை இப்பின்னணியில் வைத்து ஆராய்கிறது. இயந்திரமும் கூலிமுறையும் தனித்தனி வரலாறுகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் அரிது.

அதே ஆண்டில்தான் மார்க் இசம்பார்ட் புரூனல் கப்பிகள் செய்யும் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். நார்மண்டியில் பிறந்து, புரட்சிக் காலத்தில் பிரான்சைவிட்டு வெளியேறி, நியூயார்க் வழியாக 1799இல் இங்கிலாந்து வந்தவர் அவர். பாய்மரக் கப்பலில் கயிறுகள் ஓடும் கப்பி, எல்ம் மரத்தாலான ஓர் ஓடும் அதன் துளைக்குள் சுழலும் கடினமரச் சக்கரமும் கொண்டது. பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு இத்தகையவை ஏறத்தாழ ஆயிரம் தேவை. பிரிட்டிஷ் கடற்படையின் ஆண்டுத் தேவை ஒரு லட்சம். போர்ட்ஸ்மத் துறையில் 1803க்கும் 1805க்கும் இடையில் புரூனலின் 45 இயந்திரங்கள் நிறுவப்பட்டன. அவற்றை உலோகத்தில் செய்துதந்தவர் ஹென்றி மாட்ஸ்லே. தாமே கப்பி இயந்திரம் திட்டமிட்டுக்கொண்டிருந்த பெந்தம், புரூனலின் வடிவம் மேலானது என்று ஒப்புக்கொண்டு அதனை ஏற்கச் செய்தார். அரசு அதிகாரியிடம் எளிதில் எதிர்பார்க்க முடியாத பண்பு இது, குறிப்பிட்டாக வேண்டும்.

கப்பியின் துளை இணைப்புத் துளை அன்று. அதில் முளை செல்வதில்லை, சக்கரம் சுழல்கிறது. ஆனால் வெட்டும் முறை ஒன்றே. முதலில் ஒரு துளையிடப்படும். பின் மேலும் கீழும் விரைந்து இயங்கும் உளி ஒன்று அத்துளையை நீட்டிச்செல்லும். ஒவ்வோர் அடிக்கும் மரத்தைத் தாங்கிய மேடை சிறிது நகரும். உரிய நீளம் வந்ததும் நின்றுவிடும். மரத்தை வைத்து இறுக்குவதும் எடுப்பதும் மட்டுமே மனிதப் பணி. 1808இல் இங்கு 1,30,000 கப்பிகள் செய்யப்பட்டன. 110 தேர்ந்த தொழிலாளர் செய்த வேலையைத் தேர்ச்சியற்ற 10 பேர் செய்தனர் என்பது அன்று முதல் மேற்கோள் காட்டப்பட்டுவரும் கணக்கு. புரூனலுக்கு ஓராண்டில் மிச்சமான தொகை, 17,000 பவுண்டுக்குச் சற்று அதிகம், பரிசாகக் கிடைத்தது. அந்த 110 பேர் எங்கே போனார்கள் என்பது அக்கணக்கில் இல்லை. புரூனலே 1821இல் கடனுக்காகச் சிறை சென்றார் என்பதும், சாமுவேல் பெந்தமின் பங்கு மறக்கப்பட்டுவிடாதிருக்க அவருடைய மனைவி மேரி சோபியா எழுதிய வரலாறு 1862இல்தான் வெளிவந்தது என்பதும் இயந்திரத்தைப் படைத்தவர்களுக்கும் அது நிலையான காப்பாக அமையவில்லை என்பதைக் காட்டுகின்றன.

போர்ட்ஸ்மத் இயந்திரங்களால் ஒரு வடிவத்தை மட்டுமே வெட்ட முடியும். வடிவத்தை மாற்ற இயந்திரத்தையே மாற்ற வேண்டும். வடிவத்தைத் தனியே கழற்றி எடுக்கத்தக்க ஒரு பொருளாக்கி, இயந்திரம் அதனை 'வாசிக்க' வைப்பது அடுத்த படி. இதற்கு இரு மூலங்கள் உள்ளன. ஒன்று, கிறிஸ்டோப் ஷைனர் என்ற யேசு சபைத் துறவி 1603இல் உருவாக்கி 1631இல் நூலாக விளக்கிய பேன்டோகிராஃப். நான்கு சட்டங்களை இணைகரமாகக் கோத்து, ஒரு முனையால் படத்தின் கோட்டைத் தொடர்ந்தால் மற்றொரு முனை அதனைப் பெரிதாகவோ சிறிதாகவோ வரையும். சூரியப் புள்ளிகள் குறித்துக் கலிலியோவோடு வழக்காடியவர் இந்த ஷைனர்தான்; அவ்வழக்கில் அவர் பெயர் மங்கியது, கருவியில் நிலைத்தது. மற்றொன்று, மாசசூசெட்ஸின் தாமஸ் பிளான்சார்ட் 1819இல் துப்பாக்கிக் கட்டை செதுக்க உருவாக்கிய கடைசல் இயந்திரம். மாதிரிக் கட்டையைத் தொட்டுக்கொண்டே ஒரு சக்கரம் ஓட, அதே அசைவில் வெட்டுமுனை புதிய கட்டையைச் செதுக்கும். நேர்கோடும் வட்டமும் அல்லாத, கையால் மட்டுமே முடியும் என்று கருதப்பட்ட வளைவுகளை இயந்திரம் இவ்வாறு பெயர்த்தது.

இவற்றிலிருந்து பிறந்ததுதான் பட்டறைகளில் டெம்ப்ளேட் என்று வழங்கும் வார்ப்புரு. இதற்கும் எழுத்துக்கும் உள்ள ஒப்புமை மொழியியல் மாணவர் எவர் கண்ணிலும் படும். பேச்சு பேசுபவரோடு போய்விடும். எழுத்து அவரைவிட்டுப் பிரிந்து நிற்கும். ஒருமுறை நன்றாகச் செய்த வடிவம், செய்தவரைவிட்டுப் பிரிந்து, மீண்டும் மீண்டும் 'படிக்கப்பட' ஆயத்தமாக நிற்பது வார்ப்புரு. ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. எழுத்தைப் படிக்கப் படிப்பறிவு வேண்டும். வார்ப்புருவைப் படிக்கும் பேரிங்குக்கு எதுவும் வேண்டியதில்லை, அதனைத் தள்ளுபவருக்கும் அதிகம் வேண்டியதில்லை. முதலாளிகளை அது கவர்ந்ததற்குக் காரணமும் அதுவே.

இயந்திரம் கைவேலையை எழுத்துப் பிசகாமல் பெயர்த்துவிடவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. இழுப்பறையின் மூலைகளில் வரும் விசிறி வடிவ இணைப்பை ஆங்கிலம் புறாவின் வாலாகக் கண்டது. ஜெர்மனும் பிரெஞ்சும் தகைவிலான் குருவியின் வாலாகக் கண்டன. தமிழ்க் கலைச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பின்பற்றிப் புறாவால் என்கின்றன. இந்தச் சாய்வான விளிம்புகளை வெட்டுவது 19ஆம் நூற்றாண்டின் இயந்திரங்களுக்கு இடராகவே இருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்லூ என்னும் ஊரைச் சேர்ந்த சார்லஸ் நாப், புறாவாலைப் பெயர்க்க முயலாமல், சுழலும் கருவிக்கு இயல்பாக வரும் வடிவத்தையே இணைப்பாக்கினார். அரைவட்ட வளைவுகளும் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்ட முளையுமாக அமைந்த அதற்கு அவர் 1867இல் காப்புரிமை பெற்றார். 1870கள் முதல் அந்நூற்றாண்டின் முடிவுவரை அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இழுப்பறைகளில் அது பரவலாகக் காணப்படுகிறது. பிறகு இயந்திரங்கள் புறாவாலையே வெட்டக் கற்றுக்கொண்டன. வாங்குவோரும் பழைய கைவேலையின் தோற்றத்தையே விரும்பினர். நாப் இணைப்பு சுவடின்றி மறைந்தது. இன்று பழம்பொருள் ஆய்வாளர்கள் ஒரு மேசையின் காலத்தைக் கணிக்க இழுப்பறையைத் திறந்து முதலில் பார்ப்பது இந்த அரைவட்டங்கள் உள்ளனவா என்பதைத்தான்.

கை வெட்டிய புறாவாலும் இயந்திரம் வெட்டியதும் இன்றும் வேறுபடுகின்றன. கையால் வெட்டும்போது இரு வால்களுக்கு இடையிலுள்ள முளை ஊசிபோல் மெலிந்திருக்கலாம்; இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சிறிது மாறலாம். சீப்புப் பற்கள் போன்ற வார்ப்புருவில் ரூட்டரை ஓட்டினால் வாலும் முளையும் பெரும்பாலும் ஒரே அகலத்தில் வரும், ஏனெனில் வெட்டுமுனையின் கழுத்தைவிட மெலிந்த இடைவெளியை அதனால் வெட்ட இயலாது. அவ்வாறே உளியால் வெட்டிய துளையின் மூலைகள் செங்கோணமாக இருக்கும். ரூட்டர் வெட்டிய துளையின் முனைகள் வளைந்திருக்கும். ஒரு மொழியைப் பிற்காலத்தில் கற்றவரின் உச்சரிப்பில் தாய்மொழி தென்படுவதுபோல, இணைப்பில் அதனை வெட்டிய கருவி தென்படுகிறது.

ரூட்டர் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். இணையத் தரவுக்கு வழிகாட்டும் ரூட்டரின் பெயர் வழி என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. தச்சரின் ரூட்டருக்கும் அதற்கும் உறவில்லை. இது பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. மின்சாரம் வருவதற்கு முன் பள்ளத்தின் அடியைச் சமமாக்கப் பயன்பட்ட கையிழைப்புளிக்கும் இதுவே பெயர். ஒற்றை உளி அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அக்கருவியை இங்கிலாந்துத் தச்சர்கள் கிழவியின் பல் என்றும் அழைத்தனர். அதில் மின்மோட்டாரைச் சேர்த்துக் கையில் பிடிக்கத்தக்க கருவியாக விற்றவர்களில் முதன்மையானவர் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸைச் சேர்ந்த கார்ட்டர். முதல் உலகப்போர்க் காலத்தில், முடிவெட்டும் மின்கருவி ஒன்றின் பற்சக்கரத்தையே வெட்டுமுனையாக மாற்றி அவர் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. 1929இல் அவருடைய தொழிலை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. நிமிடத்துக்கு 20,000 முறைக்கு மேல் சுழலும் மோட்டாரும் அதன் நுனியில் கூரிய முனையும் மட்டுமே கொண்ட இக்கருவி, தனியே எடுத்தால் கண்மூடித்தனமானது. எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதன் பயன் முழுவதும் அதனை வழிநடத்தும் சட்டத்திலும் வார்ப்புருவிலும் இருக்கிறது.

அந்தச் சட்டத்தை வீட்டிலேயே செய்துகொள்ளும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்காவில் வலுப்பெற்றது. 1975இல் தொடங்கப்பெற்ற ஃபைன் உட்வொர்க்கிங் இதழ் போன்றவை வாசகர்கள் செய்த துணைச்சட்டங்களை இதழ்தோறும் வெளியிட்டன. மற்றொரு பக்கம், ரூட்டரைத் தாங்கி இணைப்பு வெட்டும் உலோக இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. சிறு பட்டறைக்காரருக்கு அவற்றின் விலை எட்டாதது. வாண்டலின் மர இயந்திரம் இந்த இடைவெளியில் பிறந்தது. பின்னர் அதுவும் உலோகத்தில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது என்பது வேறு கதை.

அதன் நுட்பம் எளிய கணக்கில் அடங்கும். இணைகரம் அசைவைப் பாதியாக்குவதால் வார்ப்புரு, வேண்டிய முளையைப்போல் இரு மடங்கு பெரிதாக இருக்கும். 10 மில்லிமீட்டர் தடிமனும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட முளை வேண்டுமானால் 20க்கு 60 என்ற அளவில் ஒரு கட்டையை வெட்டி, முனைகளை வளைத்து, பொருத்தினால் போதும். வெட்டுமுனையின் விட்டம் 12 என்றால் பேரிங்கின் விட்டம் 24 ஆக இருக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்யும். பேரிங்கை வார்ப்புருவின் வெளியே சுற்றி ஓட்டினால் முளை கிடைக்கும். வார்ப்புருவில் வெட்டிய பள்ளத்தினுள் ஓட்டினால் துளை கிடைக்கும். ஒரே வடிவம் இரண்டையும் தருவதால் முளையின் வளைந்த முனையும் துளையின் வளைந்த முனையும் தாமே பொருந்தும். ரூட்டரின் குறையாக மேலே சொன்ன வளைவு இங்கே குறையே அன்று. இன்னொரு நன்மையும் உண்டு. வார்ப்புருவை வெட்டுவதில் அரை மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால் முளையில் அது கால் மில்லிமீட்டராகவே வரும். பழகாத கை செய்த பொருளைக் கொண்டு, பழகிய கையை நெருங்கும் துல்லியத்தை எட்டும் வழி இது. ஒட்டுப்பலகையால் செய்த இயந்திரம் வேலை செய்வதன் இரகசியமும் இதில்தான் உள்ளது.

லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் அறைகலன் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த டேவிட் பை, 1968இல் வெளிவந்த தம் நூலில், கைவேலை, இயந்திரவேலை என்ற பகுப்பையே மறுத்தார். வேலை நடக்கும் ஒவ்வொரு கணமும் விளைவு கெட்டுப்போகும் இடர் உள்ளதா, அல்லது வேலை தொடங்கும் முன்பே விளைவு உறுதியாகிவிட்டதா என்பதுதான் அவர் முன்வைத்த பகுப்பு. பிடியுளியால் துளை வெட்டுவது முதல் வகை. போர்ட்ஸ்மத் இயந்திரம் இரண்டாம் வகை. வீட்டில் செய்த ரூட்டர் இயந்திரம் எந்த வகை? முளை வெட்டும்போது இரண்டாம் வகை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இயந்திரத்தைச் செய்தபோது, கைகளின் மூட்டுத் துளைகளை நேராக்கியபோது, முதல் வார்ப்புருவை அரத்தால் தேய்த்தபோது, அவை முழுவதும் முதல் வகை. இடர் நீக்கப்படவில்லை, முன்னே நகர்த்தப்பட்டிருக்கிறது. பெந்தமின் திட்டத்தில் இவ்விரு கட்டங்களும் வேறுவேறு மனிதர்களுக்கு உரியவை. சிந்திப்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில், தள்ளுபவர் சிறையறையில். வாண்டலின் பட்டறையில் இரண்டும் ஒருவரே.

இதனை விடுதலை என்று கொண்டாடும் எழுத்துகள் ஏராளம். அவற்றோடு முழுதாக ஒத்துப்போக இயலவில்லை. வீட்டில் இயந்திரம் செய்பவருக்கு வேறு வருவாய் இருக்கிறது. முளை ஆடினாலும் அன்றைய அடுப்பு எரியும். போர்ட்ஸ்மத்தில் வேலையிழந்த கப்பித் தச்சரின் பிள்ளைகள் எதனையும் திரும்பப் பெற்றுவிடவில்லை. திறன், அதனை இழந்தவருக்கு மீளவில்லை. இரு நூற்றாண்டு கழித்து வேறொரு வகுப்பினரின் ஓய்வுநேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. எனினும் வார்ப்புருவின் உடைமை கைமாறியிருப்பது சிறிய செய்தியும் அன்று. இந்தியச் சிறுநகரங்களில் இன்று கணினி இயக்கும் ரூட்டர்கள் கதவுகளில் பூவேலை செதுக்குகின்றன. அங்கே வார்ப்புரு ஒரு கோப்பு. பெரும்பாலும் வேறொருவர் வரைந்து விலைக்கு விற்ற கோப்பு. அதன் ஒரு வளைவு பிடிக்கவில்லை என்றால் இயந்திரத்தின் அருகில் நிற்பவரால் எளிதில் மாற்ற முடியாது. ஒட்டுப்பலகை வார்ப்புருவை ஓர் அரத்தாளால் மாற்றலாம்.

முளையின் இறுக்கத்தை இவ்வியந்திரத்தில் திருத்தும் முறை ஒன்று உண்டு. முளை துளையில் தளர்ந்து நின்றால் பேரிங்கின் மேல் ஒரு சுற்று ஒட்டுநாடா சுற்றப்படும். நாடாவின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால், அடுத்து வெட்டும் முளையும் அதே அளவு பருக்கும். பின் அதனைத் துளையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். கையழுத்தத்தில் பாதிவரை சென்று நின்று, கொட்டாப்புளியின் இரண்டு தட்டுக்கு மீதியும் இறங்கினால் போதும். தானே முழுதும் இறங்கிவிட்டால் இன்னொரு சுற்று நாடா.